வியாழன் கடைசி பீரியட்

ஜூன் 28

அன்பு வாலுவுக்கு, அம்மா எழுதிக்கொள்வது.

பொருள்: மூன்று வரிக் கடிதம் தொடர்பாக.

நீ அனுப்பியது கிடைத்தது. அதற்குப் பெயர் கடிதமா? "நலம். படிக்கிறேன். சோப்பு தீர்ந்துவிட்டது." அந்தக் காலத்துத் தந்திகூட இதைவிட நீளமாக வரும். வக்கீல் ஆபீசில் உட்கார்ந்து ஊரார் குறையையெல்லாம் பக்கம் பக்கமாக மனு டைப் அடிக்கிறேன். பெற்ற பெண்ணிடமிருந்து மூன்று வரி! சோப்பு இல்லையென்றால் அதுவும் இரண்டு வரியாகியிருக்கும்.

வீட்டுக் கடிதத்துக்குக்கூட "பொருள்" போடுகிற ஒரே ஆள் உலகத்திலேயே நீதான் என்று அப்பா கேலி செய்கிறார். என்ன செய்வது, விரல் தானாக அடித்துவிடுகிறது. அவர் மட்டும் என்னவாம்? பட்டறையிலிருந்து வந்து சோற்றுத் தட்டையே ஸ்பேனர் மாதிரி பிடிக்கிறார்.

விடுதியில் போன் கூடாது என்ற விதி எனக்குப் பிடித்திருக்கிறது. இது கடைசி வருஷம். இந்த ஒரு வருஷம் கண்ணை மூடிக்கொண்டு படித்துவிடு. கண்ணை மூடினால் எப்படிப் படிப்பது என்று கேட்காதே, உன் வாய் எனக்குத் தெரியும். என் ஆசை உனக்கும் தெரியும். மனுவை எழுதுகிறவள் நான், கோர்ட்டில் எழுந்து பேசிப் பேர் வாங்குகிறவர் வக்கீல். நீ எழுந்து பேசுகிற இடத்துக்குப் போக வேண்டும்.

சோப்பு தனிப் பார்சலில் வருகிறது. நேரத்துக்குச் சாப்பிடு. விவரமாக எழுது.

உன் அம்மா


ஜூலை 14

அன்புள்ள அம்மாவுக்கு, வாலு எழுதுவது.

விவரமாக எழுது என்றாய் அல்லவா, இந்தா ஏழு பக்கம். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார். எங்கள் வகுப்பில் நடந்த கூத்தை உனக்குச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

நான் வகுப்புத் தலைவி என்பதால் கால அட்டவணையைச் சார்ட்டில் எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டேன். வியாழக்கிழமை கடைசி பீரியட் மட்டும் காலி. முன்பு அது நூலக வகுப்பு. நூலகர் வேலையை விட்டுப் போனதிலிருந்து நூலகம் பூட்டிக் கிடக்கிறது. கணக்கு டீச்சர் விடைத்தாள் கட்டோடு ஓடிக்கொண்டிருந்தார். பின்னாலேயே ஓடிப் போய், "டீச்சர், வியாழன் கடைசி பீரியட் என்ன?" என்று கேட்டேன்.

"அதுவா? அது சும்மா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

அம்மா, அன்றைக்கு எனக்கு அவ்வளவு தூக்கம். அந்தக் கட்டத்தில் அழகாக, கொட்டை எழுத்தில், "சும்மா" என்று எழுதிவிட்டேன். தலைமை ஆசிரியை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்திவிட்டார். சார்ட் சுவரேறிய பிறகுதான் என் பக்கத்துக் கட்டில்காரி அதைப் பார்த்தாள். அவளை நாங்கள் ஒட்டகம் என்று கூப்பிடுவோம். உயரமும் அப்படி, ஒரே மூச்சில் ஒரு பாட்டில் தண்ணீர் குடிப்பதும் அப்படி. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. அடித்து எழுதப் பேனாவை எடுத்தேன். "ஏய், ஹெச்.எம். கையெழுத்து போட்டதை நீ யாருடி மாத்த?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

முதல் வியாழன் மணி அடித்தது. யாரும் வரவில்லை. நாங்கள் பயந்து போய் ஆளுக்கொரு புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டோம். ஒட்டகம் எழுந்து போய்ச் சார்ட்டைச் சத்தமாகப் படித்தாள். "வியாழன். கடைசி பீரியட். சும்மா. இப்ப எவளாவது படிச்சா அது விதி மீறல். புத்தகத்தை மூடுங்கடி." சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சில் நீட்டிப் படுத்தாள். இரண்டாவது நிமிஷமே குறட்டை.

அப்புறம் ஒருத்தி சிரித்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. ஏன் என்றே தெரியாமல் வகுப்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ரேங்க் பட்டியல் வந்த நாளிலிருந்து பேசாமல் இருந்த இரண்டு பேர் ஒருத்திக்கொருத்தி தலை பின்னிக்கொண்டார்கள். முதல் ரேங்க்காரிக்கு இலையை வாயில் வைத்து விசிலடிக்கத் தெரியுமாம், யாருக்குத் தெரியும்? நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தண்ணீர்த் தொட்டி மேல் வெயில் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறெதுவும் செய்யவில்லை. அன்று ராத்திரி படுத்ததும் தூங்கிவிட்டேன்.

இரண்டாவது வியாழன் கணக்கு டீச்சர் சாக்பீஸோடு வந்தார். "இது யார் பீரியட்?"

"சும்மா, டீச்சர்."

"சும்மாதானே? அப்ப நான் எடுத்துக்கறேன்."

"இல்ல டீச்சர், காலி இல்ல. சும்மான்னே போட்டிருக்கு. கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்கு" என்றேன். தைரியம் எங்கிருந்து வந்ததோ!

அவர் சார்ட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு போய்விட்டார். சிரிப்பை அடக்கினார் என்று ஒட்டகம் சத்தியம் செய்கிறாள்.

இப்போது அதற்கு ஒரு சட்டமே வைத்திருக்கிறோம். அந்த நேரத்தில் "எவ்வளவு முடிச்சே?" என்றும் "எத்தனை மார்க்?" என்றும் யாரும் யாரையும் கேட்கக் கூடாது. மற்றபடி என்ன வேண்டுமானாலும் செய்யலாம், ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம். வாரம் முழுக்க வியாழனுக்காகக் காத்திருக்கிறோம் அம்மா. எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருக்கிறது. அதைச் சொல்லத்தான் ஏழு பக்கமும்.

அப்பாவிடம் ஒரு வரி விடாமல் படித்துக் காட்டு.

உன் வாலு


ஜூலை 20

அன்பு வாலுவுக்கு, அம்மா எழுதிக்கொள்வது.

பொருள்: சும்மா இருப்பது தொடர்பாக.

ஏழு பக்கமும் படித்தேன். படிக்கப் படிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடுதிக்கும் பள்ளிக்கும் சேர்த்துப் பணம் கட்டி உன்னை அனுப்பியது தண்ணீர்த் தொட்டி மேல் வெயில் நகர்கிறதா என்று பார்ப்பதற்கா? அதை நம் வீட்டு மொட்டை மாடியிலேயே பார்த்திருக்கலாமே. பரீட்சை தலைக்கு மேல் தொங்குகிறது, நீங்கள் இலையை வைத்து விசிலடிக்கிறீர்கள். அதற்கு முத்திரை வேறு!

உன் அப்பா, "போகட்டும், வாரத்துல ஒரு பீரியட்தானே" என்றார். அவரிடம் சொன்னதையே உன்னிடமும் சொல்கிறேன். ஒரு பீரியட் இரண்டாகும், இரண்டு நான்காகும். எறும்பு ஊரக் கல்லும் தேயும்.

கடிதம் கிடைத்த அன்றே தலைமை ஆசிரியைக்கு ஒரு மனு அடித்து அனுப்பிவிட்டேன். மறைத்துச் செய்கிற பழக்கம் எனக்கு இல்லை, அதனால் உனக்கும் சொல்லிவிடுகிறேன். நான் மனு எழுதினால் அது திரும்பி வந்ததாகச் சரித்திரம் கிடையாது.

கோபம் வரும். வரட்டும். பின்னால் நீயே நன்றி சொல்வாய்.

உன் அம்மா


ஆகஸ்ட் 3

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

பொருள்: தங்கள் மனு வெற்றி பெற்றது தொடர்பாக.

தங்கள் மனுவைத் தலைமை ஆசிரியை காலையில் எல்லார் முன்னாலும் நிறுத்தி நிதானமாக வாசித்தார். எழுத்துப் பிழையே இல்லாத மனு என்று பாராட்டினார். பெயரையும் வாசித்தார். வியாழன் கடைசி பீரியட் இனிமேல் கணக்குத் தேர்வு. சார்ட்டில் அந்தக் கட்டத்தின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி "தேர்வு" என்று எழுதச் சொன்னார்கள். எழுதியது நான்தான். என் கையெழுத்து அழகாக இருக்கும் அல்லவா.

ஒட்டகம் கட்டிலை என் பக்கத்திலிருந்து இழுத்துக் கதவோரம் போட்டுக்கொண்டாள். யாரும் என்னோடு பேசுவதில்லை. வீட்டுக்கு எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று தெரியாத முட்டாள் நான் என்று நினைக்கிறார்கள். சரியாகத்தான் நினைக்கிறார்கள்.

இதுவரை எழுதாததையும் எழுதிவிடுகிறேன். போன வருஷத்திலிருந்தே கேள்வித்தாள் கைக்கு வந்ததும் என் விரல்கள் நடுங்கும். பேனாவை இரண்டு கையாலும் பிடிப்பேன். தேர்வு நாளில் காலையில் சாப்பிட்டது எதுவும் வயிற்றில் நிற்காது. எனக்கு மட்டும் இல்லை. இங்கே குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழுவோம். தண்ணீர்ச் சத்தம் ரொம்ப நேரம் கேட்டால் உள்ளே ஒருத்தி அழுகிறாள் என்று அர்த்தம், யாரும் கதவைத் தட்ட மாட்டோம். தண்ணீர் வீணாகிறது என்று வார்டன் கத்துவார். ஜூலையில் அந்தச் சத்தம் குறைந்திருந்தது. வார்டன்கூட என்ன அதிசயம் என்று கேட்டார். எனக்கும் விரல் நடுங்குவது நின்றிருந்தது.

இப்போது எல்லாக் குழாயும் திறந்திருக்கிறது.

இனிமேல் விவரமாக எழுத நேரம் இருக்காது.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மகள்


ஆகஸ்ட் 10

என் கண்ணுக்கு,

பழக்கத்தில் "பொருள்" என்று எழுதிவிட்டு அடித்திருக்கிறேன் பார். எதை எழுதுவது அதில்?

முதலில் உன் மேல்தான் கோபம் வந்தது. நான் என்ன கண்டேன், நீ சொன்னால்தானே தெரியும் என்று வீட்டில் கத்தினேன். மூன்று வரியில் எந்த வரியில் இருந்தது வாந்தி? எந்த வரியில் இருந்தது நடுக்கம்? அப்பா உன் கடிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தார். "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி" என்றார். எப்போதும் பழமொழி சொன்னால் அவரே முதலில் சிரிப்பார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. எழுந்து போய்ப் பின்பக்கம் நின்றுகொண்டார்.

மறுநாள் காலையில் பாத்திரம் கழுவக் குழாயைத் திறந்தேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை. மூடிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

தப்பு என்னுடையதுதான். சுற்றி வளைக்கவில்லை. நீ சந்தோஷமாக இருக்கிறேன் என்று எழுதினாய், நான் அதை ஒரு புகாராகப் படித்தேன். நீ எழுந்து பேச வேண்டும் என்று ஆசைப்பட்டேனே தவிர, நீ பேசினதைக் காதில் வாங்கவில்லை.

உன்னை வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிடட்டுமா? அக்கம்பக்கம் என்ன சொல்லும் என்ற கவலை எனக்கு இல்லை. இங்கிருந்தே படிக்கலாம், அடுத்த வருஷம் எழுதலாம். உடம்பைவிட மார்க் பெரிதில்லை. ஒரே ஒரு வரி எழுது. மூன்று வரிகூட வேண்டாம்.

அம்மா


ஆகஸ்ட் 28

என் கண்ணுக்கு, மறுபடியும் அம்மா.

பொருள்: முந்தைய மனுவை வாபஸ் வாங்குவது தொடர்பாக.

பதில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நானும் அப்பாவும் வந்தோம். தலைவலி என்று சொல்லி அனுப்பினாய். தலைவலிக்குக் காரணமே கீழே வந்து உட்கார்ந்திருந்தால் நீ எப்படி இறங்கி வருவாய்? குறை சொல்லவில்லை.

ஆனால் அங்கே பெஞ்சில் காத்திருந்தபோது ஒன்று நடந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்னொரு பெண்ணின் அம்மாவிடம் பேச்சு கொடுத்தேன். "உங்க பொண்ணு லெட்டர் போடுமா?" "போடுவா. நலம், படிக்கிறேன், பேனா வாங்கி அனுப்புங்க. அவ்வளவுதான்" என்றார். எதிரே ஒரு அப்பா, "அட, எனக்கும் அதேதாங்க. பேனாவுக்குப் பதிலா ஷாம்பு" என்றார். எல்லாரும் சிரித்தோம். அப்புறம் உன் கடிதத்தைக் கைப்பையிலிருந்து எடுத்து, குழாய்ச் சத்தம் பற்றிய இடத்தை மட்டும் படித்துக் காட்டினேன். சிரிப்பு நின்றுவிட்டது. உன்னைக் கேட்காமல் படித்தது தப்புதான், அதையும் என் கணக்கிலேயே எழுதிக்கொள். ஷாம்பு அப்பா கர்ச்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எங்கே கையெழுத்து போடணும்?" என்று கேட்டார். நான் அப்போது மனு என்ற பேச்சே எடுக்கவில்லை! அங்கேயே வெள்ளைத் தாள் வாங்கி, அந்தப் பீரியடைத் திருப்பிக் கொடுங்கள் என்று எழுதினேன். வந்திருந்த ஒருவர் பாக்கியில்லாமல் கையெழுத்துப் போட்டார்கள்.

திங்கட்கிழமை எங்கள் வக்கீலிடம் போய், எங்கள் சார்பில் வந்து பேசுங்கள் என்று கேட்டேன். இரண்டு மனுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். "ஏம்மா, வாதியும் நீங்க, பிரதிவாதியும் நீங்க. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டறீங்க. இதுல நான் யாருக்காகப் பேச? நீங்களே பேசுங்க" என்று கும்பிடு போட்டுவிட்டார்.

வரும் சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். பேசத் தலைமை ஆசிரியை நேரம் கொடுத்திருக்கிறார். எனக்கு மேடையேறிப் பேசிப் பழக்கமே இல்லை. எழுதிக் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்கிறவள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், எனக்கே தெரிகிறது. இருந்தாலும் பேசுவேன். நீ கூட்டத்துக்கு வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. வந்தால் கொஞ்சம் தைரியமாக இருக்கும்.

அம்மா


செப்டம்பர் 8

என் அம்மாவுக்கு,

வென்றுவிட்டோம்! உனக்கே தெரியும், நீதானே வென்றது, ஆனாலும் எழுத வேண்டும் போல இருக்கிறது. வென்றுவிட்டோம், வென்றுவிட்டோம், வென்றுவிட்டோம். சனிக்கிழமை சாயங்காலமே ஒட்டகம் பெஞ்சு மேல் ஏறி அந்த வெள்ளைத் தாளைக் கிழித்து எறிந்தாள். அடியில் இருந்த என் எழுத்தும் பாதி கூடவே வந்துவிட்டது. புது எழுத்தாக நான் எழுத, வகுப்பு மொத்தமும் பின்னால் நின்று ஒவ்வோர் எழுத்துக்கும் கைதட்டியது. மற்ற இரண்டு பிரிவுக்காரிகளும் அவரவர் சார்ட்டோடு வந்து வரிசையில் நின்றார்கள். கடைசி வருஷம் மொத்தத்துக்கும் வியாழன் கடைசி பீரியட் சும்மாதான்! கட்டில் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. ஒட்டகம் ராத்திரி முழுக்க உதைக்கிறாள்.

நீ மேடையில் இருந்தாய். கீழேயிருந்து பார்க்க அது எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாதே, அதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

நான் வரக் கூடாது என்றுதான் இருந்தேன். உன் கடிதங்களுக்குப் பதில் எழுத எத்தனையோ தடவை உட்கார்ந்தேன். வீட்டுக்கு வந்துவிடு என்று எழுதியிருந்தாயே, அந்தக் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் படுத்தேன். ஆனால் கோபம் விடவில்லை. கடைசியில் ஒட்டகம்தான் என்னைத் தரதரவென்று இழுத்து வந்து கடைசி வரிசைக்குப் பின்னால் நிறுத்தினாள். "உங்கம்மா கெடுத்தாங்க, சரி. இப்ப என்ன பண்றாங்கன்னு பாரு."

உன் பெயரைக் கூப்பிட்டார்கள். நீ அந்தப் பச்சைப் புடவையில் ஏறினாய். கையில் தாள். அம்மா, அந்தத் தாள் நடுங்கியது. கடைசி வரிசையிலிருந்தே தெரிந்தது. பிறகு அதை மறு கையாலும் பிடித்தாய். என் பேனாவை நான் பிடிப்பேனே, அதே மாதிரி. போதும் இறங்கிவிடு அம்மா என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

நீ இறங்கவில்லை. தாளை மடித்து மேஜை மேல் வைத்தாய்.

"அந்தப் பீரியடை நிறுத்தச் சொல்லி மனு போட்டது நான்தான். மறைக்கல. இங்க உட்கார்ந்திருக்கிற எல்லாருக்கும் பிள்ளைங்ககிட்டேயிருந்து மூணு வரி லெட்டர்தான் வருது. எனக்கும் அப்படித்தான் வந்துச்சு. அந்தச் சும்மா பீரியடுக்கு அப்புறம் ஏழு பக்கம் வந்துச்சுங்க. ஏழு பக்கம்! ஒவ்வொரு பக்கத்திலயும் என் பொண்ணு சிரிக்கிறா. அதை முழுசாப் படிச்சிட்டு, இதை நிறுத்துங்கன்னு எழுதினேன் பாருங்க, என்னை மாதிரி ஒரு முட்டாள் உண்டா?"

யாரும் சிரிக்கவில்லை. ஷாம்பு கேட்பவளின் அப்பா மட்டும், "நானும் அதைத்தாங்க செஞ்சிருப்பேன்" என்று சத்தமாகச் சொன்னார்.

தலைமை ஆசிரியை எழுந்தார். "உங்க வருத்தம் புரியுது. ஆனா மேலேயிருந்து யாராவது பார்வையிட வந்து, அந்த நேரத்துல பிள்ளைங்க என்ன பண்றாங்கன்னு கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

"சும்மா இருக்காங்கன்னு சொல்லுங்க. பிள்ளைங்க எங்களோடது. கீழே கையெழுத்தும் எங்களோடது. கேட்கிறவங்களை எங்ககிட்ட அனுப்பி வைங்க."

அம்மா, உன் குரல் அப்போது நடுங்கவே இல்லை!

அடுத்து நடந்ததைத்தான் யாராலும் இன்னும் நம்ப முடியவில்லை. கணக்கு டீச்சர் எழுந்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன். "மேடம், வியாழக்கிழமைத் தேர்வுத் தாளைத் திருத்தறவ நான். இருக்கறதிலேயே மோசமான தாள் அதுதான். ஜூலையில இதே பிள்ளைங்க வெள்ளிக்கிழமை காலையில கணக்கு போட்டதைப் பார்த்தவளும் நான்தான். அந்தப் பீரியட் எனக்கு வேண்டாம்" என்றார். கணக்கு டீச்சர் ஒருவர் ஒரு பீரியடை வேண்டாம் என்று சொன்னது உலகத்திலேயே இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

தலைமை ஆசிரியை மனுவை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார். பேனாவின் மூடியைக் கழற்றினார். "சரி. இந்தத் தடவை படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடறேன்" என்றார். கூரை பறந்துபோகிற மாதிரி கைதட்டல். பெற்றோர் எல்லாரும் உன்னைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் முண்டியடித்து வருவதற்குள் அப்பா பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போவது தெரிந்தது. எட்டி எட்டிப் பார்க்கிறேன், பச்சைப் புடவையின் தலைப்பு மட்டும்தான் தெரிகிறது.

என் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் யாரையோ கேட்டார், "என்னமா பேசுது அந்தப் பொம்பளை! யாருங்க அது, வக்கீலா?"

ஒட்டகம் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அவளை ஒரு தள்ளு தள்ளிவிட்டு, பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்த உனக்கும் கேட்கட்டும் என்று நான் கத்தினேன்: "எங்கம்மா! அது எங்கம்மா!"

உன் வாலு